தனியாக உழ முடியாத ஊர்: குமரகத்தின் வயலும் விடுதியும்

கேரளத்தின் குட்டநாட்டு வயலில் இறங்கி நின்றால் படகு தலைக்கு மேலே போகும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. வேம்பநாட்டுக் காயலை ஒட்டிய இந்த நிலம் கடல் மட்டத்தைவிட அரை மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு மேல் வரை தாழ்ந்து கிடக்கிறது. வயலைச் சுற்றிக் கரை, கரைக்கு அந்தப் பக்கம் வாய்க்கால், வாய்க்காலில் படகு. நெற்பயிருக்குப் பக்கத்தில் நிற்பவர் அண்ணாந்துதான் படகுக்காரரைப் பார்க்க வேண்டும். கடல் மட்டத்துக்குக் கீழே நடக்கும் இந்தச் சாகுபடியை ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

காயலின் கிழக்குக் கரையில், கோட்டயத்திலிருந்து அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது குமரகம். நம்மூரில் பலருக்கு இது தேனிலவு ஊர். படகுவீடு, கரிமீன், ஆயுர்வேத மசாஜ். ஆனால் கேரள அரசின் 'பொறுப்புச் சுற்றுலா' முதலில் வேர்பிடித்த இடமும் இதுதான். உள்ளூர்க் குடும்பங்களுக்கு வருமானம் போக வேண்டும், ஊரின் தண்ணீரும் நிலமும் கெடக்கூடாது என்ற கணக்கோடு சுற்றுலாவை நடத்திப் பார்த்த முயற்சி அது. மற்ற இடங்களில் தடுமாறியது இங்கே ஏன் நடந்தது என்று கேட்டால், விடுதிகளிலோ அரசாணையிலோ பதில் கிடைக்காது. வயலில் தேட வேண்டும்.

குட்டநாட்டில் யாரும் தனியாக விவசாயம் செய்ய முடியாது. வேண்டுமானால் முயன்று பார்க்கலாம், தண்ணீர் விடாது. ஒருவருக்கு 2 ஏக்கர் இருக்கிறது, பக்கத்துக்காரருக்கு 5 ஏக்கர், அதற்கடுத்தவருக்கு அரை ஏக்கர். எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றி ஒரே கரை. அதற்குள் நிற்கும் தண்ணீரை மொத்தமாக இறைத்தால்தான் யாருடைய நிலமும் வெளியே தெரியும். ஒரே கரைக்குள் அடங்கும் இந்த வயல் தொகுதிக்குப் பாடசேகரம் என்று பெயர். சில பத்து ஏக்கரில் அடங்குபவை உண்டு, ஆயிரம் ஏக்கரைத் தாண்டியவையும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் விவசாயிகள் சமிதி, அதற்கு ஒரு செயலாளர். எப்போது இறைக்கத் தொடங்குவது, எந்த விதை, எந்தத் தேதியில் விதைப்பு, எந்த வாரம் அறுவடை எல்லாம் அங்கேதான் முடிவாகும். ஒருவர் 110 நாள் ரகமும் பக்கத்தவர் 140 நாள் ரகமும் போட்டால் அறுவடை இயந்திரம் இரண்டு முறை வர வேண்டும், இரண்டு மாதிரி தண்ணீர் நிறுத்த வேண்டும். அதனால் பெரும்பாலும் எல்லோரும் ஒரே ரகம். மங்கொம்பு நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த 'உமா' இங்கே பல வருடங்களாகக் கோலோச்சுகிறது.

தண்ணீர் இறைப்பதை ஏலம் விடுவார்கள். 'புஞ்சை' அலுவலகம் என்று இதற்கே தனி அரசு அலுவலகம் இருக்கிறது. இங்கே புஞ்சை என்றால் நம்மூர்ப் புன்செய் இல்லை, தண்ணீரை இறைத்துவிட்டுப் போடும் நெல். ஏலம் எடுத்தவர் பெட்டியும் பறையும் கொண்டு வருவார். நூறு வருடத்துக்கு மேலாகப் புழங்கும் இறைப்பான் இது. நிற்கும் பறை ஒரு பெரிய பீப்பாய். அதற்குள் விசிறி போன்ற இலைகள், மேலே பெல்ட் மாட்டிய மோட்டார். தண்ணீரை அதிக உயரம் ஏற்றாது. ஆனால் ஓர் ஆள் உயரத்துக்கு ஆறு மாதிரி தூக்கிக் கொட்டும். பெட்டி வழியாக அது கரையைத் தாண்டி வாய்க்காலில் விழும். முன்பு இதே வேலையை மனிதர்கள் சக்கரத்தின் மேல் ஏறி இரவும் பகலும் மிதித்துச் செய்தார்கள். காயலுக்குள் முங்கி அடிச்சேற்றைக் கட்டி கட்டியாக வெட்டி எடுத்துக் கரை போட்டவர்களும் உண்டு. புலையர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சமூகத்தாரின் உழைப்பு அது. காயலைத் தூர்த்து நிலமாக்கிய முதலாளிகளின் பெயர் வரலாற்றில் இருக்கிறது, முங்கியவர்கள் பெயர் இல்லை. 1970களின் நிலச் சீர்திருத்தத்துக்குப் பிறகு பெரிய காயல் நிலங்கள் துண்டு துண்டாகப் பலர் கைக்குப் போயின. நிலம் பிரிந்ததே தவிர கரை பிரியவில்லை. முதலாளி ஒருவர் ஆணையிட்டு நடத்தியதை இப்போது நூறு பேர் கூடிப் பேசி நடத்த வேண்டியதாயிற்று. சண்டை இல்லாத சமிதி கிடையாது. ஆனாலும் மழை நின்று ஐப்பசி பிறக்கும்போது யாராவது ஒருவர் மோட்டாரைப் போட்டாக வேண்டும்.

புஞ்சை சாகுபடி அக்டோபர், நவம்பரில் தொடங்கி மார்ச் வாக்கில் முடியும். மண்ணில் புளிப்பு அதிகம், அதனால் சுண்ணாம்பு போடாமல் கதை நடக்காது. கோடையில் கடல்நீர் காயலுக்குள் ஏறாமல் தடுக்கத் தண்ணீர்முக்கத்தில் நீளமான தடுப்பணை இருக்கிறது. 1976 முதல் செயல்படுகிறது. டிசம்பரில் அதன் கதவுகளை இறக்குவார்கள். அறுவடைக்கு இயந்திரங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து போகின்றன. நம் ஆட்கள் ஓட்டும் அறுவடை இயந்திரம் படகுகளை இணைத்த மிதவையில் ஏறி வாய்க்காலைக் கடந்து வயலில் இறங்குவதைப் பார்க்க வேண்டும். நெல்லை அரசின் சப்ளைகோ கொள்முதல் செய்யும். அதை அள்ளிப் போவது தனியார் ஆலைகள். ஆலை முகவர் வந்து, ஈரப்பதம் கூடுதல், குவிண்டாலுக்கு இத்தனை கிலோ கழிவு என்று ஆரம்பிப்பார். கரையில் நெல் குவிந்து கிடக்கும், கோடைமழை மேகம் திரளும். அந்த நேரத்தில் பேரம் யார் பக்கம் சாயும் என்று விவசாயிக்குத் தெரியும், முகவருக்கும் தெரியும். அறுவடை முடிந்ததும் வாத்துக்காரர்கள் பட்டி பட்டியாக இறங்குவார்கள். உதிர்ந்த நெல் வாத்துக்கு, வாத்தின் எச்சம் வயலுக்கு. சில இடங்களில் நெல்லுக்குப் பிறகு தண்ணீரை உள்ளே விட்டு மீன் வளர்ப்பார்கள். 'ஒரு நெல், ஒரு மீன்' என்று அரசே அதை ஊக்குவித்தது.

சரி, சுற்றுலா எப்போது வந்தது? பேக்கர் என்ற ஆங்கிலேய மிஷனரிக் குடும்பம் 19ஆம் நூற்றாண்டில் இங்கே தோட்டம் போட்டுக் காயலோரம் பங்களா கட்டியது. பழைய ரப்பர் தோட்டம் பறவைச் சரணாலயமாயிற்று. பங்களா 1990களில் நட்சத்திர விடுதியாயிற்று. கேரளத்தின் பழைய மரவீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து காயலோரம் பொருத்தி இன்னும் சில விடுதிகள் எழுந்தன. நெல் மூட்டை ஏற்றிய கெட்டுவள்ளங்கள், லாரி வந்து வேலை பறிபோனதும், படுக்கையறை போட்ட படகுவீடுகளாயின. 2000ஆம் ஆண்டின் கடைசி நாட்களைப் பிரதமர் வாஜ்பாய் குமரகத்தில் கழித்து, இங்கிருந்தே ஒரு புத்தாண்டுக் கட்டுரையும் எழுதினார். அதன் பிறகு ஊரின் பெயர் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

ஊருக்கு என்ன கிடைத்தது என்பது வேறு கேள்வி. காயலோர நிலம் விலை ஏறியது, மீனவர்கள் வலை உலர்த்திய கரையில் மதில் எழுந்தது. படகுவீட்டுக் கழிவும் டீசலும் காயலில் கலந்தன. விடுதிச் சமையலறைக்குக் காய்கறி எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஒட்டன்சத்திரம், கம்பம் வழியாகக் கோட்டயம் சந்தைக்கு. முட்டை நாமக்கல்லிலிருந்து. ஊர்க்காரருக்குக் காவலாளி, தோட்டக்காரர் வேலை கிடைத்தது. கோபம் போராட்டமாகவும் வெடித்தது.

அரசு 2007இல் இதற்கென்று ஒரு பயிலரங்கு கூட்டியது. கோவளம், குமரகம், தேக்கடி, வயநாடு என்று நான்கு இடங்களைத் தேர்ந்தெடுத்து, 2008இல் குமரகத்தில் வேலை தொடங்கியது. யோசனை எளிமையானது. விடுதிகள் தங்களுக்குத் தேவையானதை முடிந்தவரை ஊரிலேயே வாங்கட்டும். ஆனால் ஊரில் யாரிடம் வாங்குவது? விடுதியின் கொள்முதல் மேலாளர் வீடு வீடாகப் போய் இரண்டு கிலோ பாகற்காய் கேட்க மாட்டார். இங்கேதான் குடும்பஸ்ரீ வந்தது.

குடும்பஸ்ரீ 1998இல் தொடங்கிய பெண்கள் அமைப்பு. மலப்புறத்தில் அதைத் தொடங்கி வைத்தவரும் அதே வாஜ்பாய்தான். நம்மூர் மகளிர் சுயஉதவிக் குழுக்களைப் போன்றதே. ஆனால் பஞ்சாயத்தோடு கெட்டியாகப் பின்னப்பட்டது. அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த அயல்கூட்டம், வார்டு, பஞ்சாயத்து என்று மூன்று அடுக்கு. அதில் நாலைந்து பெண்கள் சேர்ந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கூட்டுப் பொறுப்பில் கடன் வாங்கிப் பயிரிடும் 'சங்கக் கிருஷி' முறையும் வளர்ந்தது. குமரகத்துப் பெண்கள் தரிசு கிடந்த துண்டு நிலங்களிலும் வீட்டுக் கொல்லையிலும் கரையிலும் காய்கறி போட்டார்கள். சில இடத்தில் நெல்லும். விளைந்ததைச் சேர்த்து விடுதிக்கு அனுப்ப 'சம்ருத்தி' என்ற விற்பனை நிலையம். பஞ்சாயத்து, விடுதிகள், குடும்பஸ்ரீ மூன்று தரப்பும் உட்கார்ந்த குழு விலையை நிர்ணயித்தது. தரத்தைப் பார்க்கத் தனிக் குழு.

கேட்க அழகாக இருக்கிறது. தொடக்கத்தில் ஆட்டம் கண்டது. விடுதிக்கு வேண்டியது தினமும் ஒரே அளவு, ஒரே ரகம். கொல்லைத் தோட்டம் அப்படித் தராது. இன்றைக்கு வெண்டை நிறைய, அடுத்த வாரம் ஒன்றுமில்லை, மழை வந்தால் எல்லாம் போச்சு. சந்தையில் விலை இறங்கிய நாளில் விடுதிக்காரர் முகம் சுளிப்பார். விலை ஏறிய நாளில் விளைவித்தவருக்கு வெளியே விற்கத் தோன்றும். இதற்குத் தீர்வாக வந்தது பயிர் நாட்காட்டி. எந்தெந்தக் குழு எந்த மாதம் என்ன போடுவது என்று முன்கூட்டியே பங்கிட்டுக்கொள்வது. இது புதுமை என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். பாடசேகரத்தில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இதில் என்ன புதுமை? பக்கத்து வயல்காரரைக் கேட்காமல் விதைக்கக்கூடாது என்பது அவர்களுக்குப் பால்குடி வயதிலேயே தெரிந்த பாடம். பஞ்சாயத்தின் பிடியும் பெண்கள் குழுவும் சமிதிப் பழக்கமும் ஒரே இடத்தில் கூடி வந்ததுதான் குமரகத்தின் பலம் என்பது என் கணிப்பு. கோவளத்தில் கடற்கரை இருந்தது, இந்தக் கூட்டுப் பழக்கம் இந்த அளவுக்கு இல்லை.

குமரகத்து முயற்சிக்காக 2013ஆம் ஆண்டுக்கான ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் யுலிசிஸ் விருது கேரளத்துக்குக் கிடைத்தது. 2017இல் மாநிலம் முழுமைக்கும் பொறுப்புச் சுற்றுலா மிஷன் அமைந்தது. பக்கத்து ஊரான அய்மனத்தை 2022இல் காண்டே நாஸ்ட் டிராவலர் இதழ் அந்த வருடம் பார்க்க வேண்டிய 30 இடங்களில் ஒன்றாகப் போட்டது.

பயணிகளுக்கான 'கிராம வாழ்க்கை' உலாவும் இதில் ஒரு பகுதி. அரை நாள் போகும். சிறு வள்ளத்தில் வாய்க்கால் வழியாக ஏறி இறங்கி வீடுகளுக்குப் போவார்கள். ஓர் அம்மா திண்ணையில் உட்கார்ந்து தென்னோலை முடைந்து காட்டுவார். ஊறிய ஓலையை இரண்டாகப் பிளந்து, ஒரு காலால் மிதித்துக்கொண்டு, கீற்றுகளை ஒன்றுவிட்டு ஒன்று மடக்கி எடுப்பார். பயணி கையில் கொடுத்தால் மூன்றாவது மடிப்பிலேயே குலைந்துவிடும், சிரிப்பு எழும். இன்னொரு வீட்டில் ராட்டினத்தில் கயிறு திரிப்பு. இடுப்பில் தேங்காய் நாரைக் கட்டிக்கொண்டு பின்னோக்கி நடந்தபடியே திரிப்பார்கள். கள் இறக்குவது, வலை வீசுவது, வாத்துப் பட்டி, கடைசியில் வாழையிலைச் சாப்பாடு. ஒவ்வொரு வீட்டுக்கும் அதற்குரிய தொகை போய்ச் சேரும்.

இது நாடகமில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நாடகம்தான், ஓரளவுக்கு. இன்று யாரும் ஓலைக் கூரைக்காக இத்தனை ஓலை முடைவதில்லை. ஆனால் அந்த அம்மாவின் இடத்திலிருந்து பார்த்தால் கயிற்றுத் தொழில் படுத்துவிட்ட ஊரில் தெரிந்த கைவேலைக்கு வீட்டுத் திண்ணையிலேயே கூலி கிடைக்கிறது. அவர் விடுதியில் சீருடை போட்டு நிற்கவில்லை, வந்தவரை விருந்தாளியாக உட்காரச் சொல்கிறார். எனக்கு இதில் குறை சொல்ல மனம் வரவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. உலா நடத்தி ஒரு குடும்பம் பிழைத்துவிட முடியாது. அது கைச்செலவுக்கான உபரி. மழைக்காலத்தில் வருகை குறையும். நிபா, வெள்ளம், கொரோனா என்று ஏதாவது வந்தால் நின்றே போகும். வயலும் மீனும் கூலியும் இருப்பதால்தான் அந்தக் குடும்பம் அப்படிப்பட்ட வருடத்தைத் தாண்டுகிறது. வயலை விட்டுவிட்டு உலாவை மட்டும் நம்பிய ஊருக்குத் தாங்குவதற்கு ஒன்றும் இராது.

வயலை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். குமரகம் பஞ்சாயத்திலேயே மெத்ரான் காயல் என்று சுமார் 400 ஏக்கர் பாடசேகரம் இருக்கிறது. 2000களில் ஒரு நிறுவனம் இங்கே நிலங்களை வாங்கிச் சேர்த்தது. திட்டம் விடுதிகள் கொண்ட சுற்றுலாக் கிராமம். பெயரில் 'சுற்றுச்சூழல்' என்றும் ஒட்டியிருந்தது. சில சிறு விவசாயிகள் மட்டும் விற்கவில்லை. அவர்களை யாரும் அடித்து விரட்டவில்லை, அதற்குத் தேவையும் இல்லை. பெரும்பகுதி நிலத்தில் சாகுபடி நின்றது, தண்ணீர் இறைப்பதும் நின்றது. வயல் முழுக்கத் தண்ணீர். நடுவில் உங்களுக்கு 3 ஏக்கர் இருந்தால் என்ன, பட்டா இருந்தால் என்ன? உங்கள் நிலம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. பாடசேகரத்தின் பலவீனம் இதுதான். எல்லாரும் சேர்ந்தால் நிலம், முக்கால்வாசிப் பேர் விலகினால் குளம்.

ஏறக்குறைய எட்டு வருடம் தரிசு. கேரளத்தில் 2008இலேயே நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. வயலைத் தூர்க்கத் தடை, தரிசு போட்டால் சாகுபடி செய்யவைக்க வழி இரண்டும் அதில் உண்டு. இருந்தும் 2016 தொடக்கத்தில், சட்டமன்றத் தேர்தலுக்குச் சற்று முன், 378 ஏக்கரில் அந்தத் திட்டத்துக்கு அரசு அனுமதி தந்தது. எதிர்ப்பு பலமாக எழ, அனுமதி திரும்பப் பெறப்பட்டது. ஆட்சி மாறியது. அந்த நவம்பரில் வேளாண் அமைச்சர் வி.எஸ்.சுனில்குமார் நேரில் வந்து விதை தூவினார். 2017இல் அறுவடை நடந்தது. விற்காமல் பிடிவாதமாக நின்ற அந்தச் சில விவசாயிகள் இல்லையென்றால் நீதிமன்றத்திலும் வெளியிலும் பேச ஆளே இருந்திருக்காது.

ஒரே பஞ்சாயத்து, ஏறக்குறைய ஒரே காலம். ஒரு பக்கம் பெண்கள் குழு தரிசில் காய்கறி போட்டு விடுதிக்கு விற்கிறது, விருது வருகிறது. இன்னொரு பக்கம் பசுமைப் பெயர் தாங்கிய சுற்றுலாத் திட்டத்துக்காக 400 ஏக்கர் நெல்வயல் மூழ்கிக் கிடக்கிறது. சுற்றுலா நல்லதா கெட்டதா என்ற பொதுக்கேள்விக்கு இங்கே வேலையே இல்லை. நிலம் யார் பெயரில் இருக்கிறது, மோட்டாரை யார் போடுகிறார்கள் என்று பார்த்தால் போதும்.

எம்.எஸ்.சுவாமிநாதன் பெயரின் முதல் எழுத்தில் இருக்கும் ஊர் குட்டநாட்டின் மங்கொம்பு. கும்பகோணத்தில் பிறந்தாலும் குடும்ப வேர் அங்கேதான். அவரது ஆராய்ச்சி நிறுவனம் 2007இல் தந்த அறிக்கையின் அடிப்படையில், 1,840 கோடி ரூபாய்க்குக் குட்டநாடு தொகுப்புத் திட்டம் வந்தது. கரையைப் பலப்படுத்துவது, வாய்க்காலைத் தூர்வாருவது என்று பட்டியல் நீளம். நடந்தது அரைகுறை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் குட்டநாட்டிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. ஒரு கரை உடைந்தால் அந்தப் பாடசேகரத்தின் பருவம் முழுக்கப் போகும். கரையோர வீடுகளும் போகும். 2014 முதல் அடிக்கடி வரும் பறவைக் காய்ச்சலில் வாத்துகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்று எரிக்கிறார்கள். பிள்ளைகள் நர்ஸ் வேலைக்கும் வளைகுடாவுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். நாற்று நடவும் களையெடுப்பும் இப்போது வங்காள, பிகார்த் தொழிலாளர் கையில்.

இந்தக் கணக்கில் விடுதிகளின் பங்கு எங்கே என்பதுதான் எனக்குத் தீராத கேள்வி. விடுதியின் சன்னலுக்கு வெளியே தெரியும் பச்சை, சமிதியின் மோட்டார் ஓடுவதால் இருக்கும் பச்சை. 'வயல் பார்த்த அறை' என்று கூடுதல் வாடகை வாங்கலாம். ஆனால் கரை உடைந்தால் மணல்மூட்டை தூக்குவது விவசாயிதான். காய்கறி வாங்குவது நல்லது, ஓலை முடைபவருக்குக் கூலி தருவது நல்லது. கரைப் பராமரிப்புக்கும் இறைப்புச் செலவுக்கும் அறை வாடகையிலிருந்து ஒரு பங்கு போனால் அதுவே சரியான கணக்கு.

தண்ணீர்முக்கம் கதவு விஷயமும் இப்படித்தான். நெல்லுக்கு உப்பு ஆகாது, கதவு மூடியிருக்க வேண்டும். மீனவருக்குக் கதவு திறந்திருக்க வேண்டும், ஏனென்றால் இறாலும் மீனும் உப்புநீரோடுதான் உள்ளே வரும். மூடிய மாதங்களில் தேங்கும் நீரில் ஆகாயத்தாமரை மண்டுகிறது. படகுவீட்டின் விசிறி அதில் சிக்குகிறது. முன்பு கோடையின் உப்புநீரே அதைக் கொன்றுவிடும். ஒவ்வொரு டிசம்பரிலும் மூடும் தேதி பற்றியும் ஒவ்வொரு மார்ச்சிலும் திறக்கும் தேதி பற்றியும் இழுபறி நடக்கிறது. விதைப்பு தாமதமானால் அறுவடை தாமதம், அறுவடை தாமதமானால் கதவு திறப்பும் தாமதம், மீனவர் படகோடு மறியலுக்கு வருவார்கள். பாடசேகரங்கள் விதைப்புத் தேதியை நேரத்துக்கு முடிவு செய்தால் இந்தச் சண்டையில் பாதி குறையும் என்று மீனவர்கள் சொல்கிறார்கள். இறைப்பு ஏலம் நேரத்துக்கு நடந்தால் தாங்கள் நேரத்துக்கு விதைப்போம் என்கிறார்கள் விவசாயிகள்.